கணக்கில் வராத மூச்சு

கடைசியாக அணைத்தது சர்வரை அல்ல,
காபி மெஷினை.
அதற்குத்தான் தவணை பாக்கி.

உலான்பாதரில் மைனஸ் முப்பத்தொன்று.
பதினோராம் மாடி ஜன்னலுக்குக் கீழே
ஊர் இல்லை, புகைதான்.
புகைக்குள் எங்கெங்கோ
எங்கள் நானூற்றுப் பன்னிரண்டு கருவிகள்
இன்ஹேலரின் தலையில் தொப்பி போல் உட்கார்ந்து
ஒவ்வோர் இழுப்பையும் எண்ணிக்கொண்டிருந்தன,
நேற்று வரை.

துகுல்துர் நிரல் எழுதினான்.
நான் மேடையேறினேன்:
நான்கு நிமிடம், பதினெட்டு ஸ்லைடு, ஒரே மூச்சு.
சோல் நகரத்து முதலீட்டாளர் ஒன்றுதான் கேட்டார்,
தினம் எத்தனை பேர் திறக்கிறார்கள்?

ஜனவரியில் வரைகோடு செங்குத்தாக ஏறியது.
கை தட்டினோம். கேக் வெட்டினோம்.
துகுல்துரின் மூக்கில் கிரீம், அந்தப் படம் இன்னும் போனில் இருக்கிறது.
அது வளர்ச்சி இல்லை,
ஊரே திணறுகிறது என்று
ஒருவரும் மூச்சு விடவில்லை.
எனக்குத் தெரிந்திருந்தது.
நானும்தான் விடவில்லை.

கருவிகளைத் திரும்ப வாங்க
வடக்கு மேட்டில் கூடாரம் கூடாரமாக ஏறினேன்.
நூற்றுத் தொண்ணூறு கிடைத்தன.
ஒன்றில் பொத்தான்கள் போட்டு வைத்திருந்தார்கள்.
ஒன்றை நாய் கடித்திருந்தது.

தாஷ்செவெக் கரி மூட்டை விற்பவர்.
மகளுக்கு ஏழு வயது, ஈளை.
இந்தக் குளிர்காலத்தில் அவர் போனுக்கு
இருநூற்றுப் பதினான்கு முறை சொல்லியிருந்தோம்:
காற்று மோசம், வெளியே போகாதீர்கள்.

"உள்ளே மட்டும் என்ன வாழுதாம்?"
அடுப்பில் ஒரு கட்டியைப் போட்டபடி கேட்டார்.
கோபம் இல்லை. கோபப்பட்டிருந்தால்
பதில் சொல்லியிருப்பேன்.
பால் கலந்த உப்புத் தேநீர் தந்தார்.
குடித்தேன்.

கம்பெனியை மூடும் படிவத்தில் ஒரு கட்டம்:
கற்ற பாடங்கள், மூன்று வரிக்குள்.
சந்தை இன்னும் பக்குவப்படவில்லை என்று எழுதினேன்.
பணம் தீர்ந்தது என்று எழுதினேன்.
முதலாவது பொய்.
இரண்டாவது பாடமே இல்லை.
மூன்றாவது வரியில் கர்சர்
போய்ப் போய் வந்தது.

நொமுந்தாரி கருவியைச் சட்டையில் துடைத்துத்தான் கொடுத்தாள்.
"இது எண்ணினதெல்லாம் எங்கே போச்சு?"
ஃபிராங்க்ஃபர்ட் என்றேன்,
அங்கே ஒரு பெரிய கட்டடம்,
உன் மூச்செல்லாம் அங்கே பத்திரமாக இருக்கிறது.

கொஞ்சம் இருமினாள்.
நான் குனிந்து
பேட்டரியைக் கழற்றிக்கொண்டிருந்தேன்.

"அங்கே காத்து நல்லா இருக்குமா?"