155, மட்டக்குளியிலிருந்து

மட்டக்குளியில் ஏறும்போது
எனக்குப் பெயர் கேதாரகௌரி.
மீன் வெட்டும் ஸ்வர்ணா
கத்தியைத் தூக்கிக்கொண்டே
"நங்கி, கொஹொமத?" என்பாள்.
பக்கத்து அறை ரிஸ்மினா
பெருநாளைக்கு வட்டிலப்பம் தருவாள்,
மறுநாள் தண்ணிக் காசு கேட்பாள்.
அங்கே நான் கடன்காரி.
வேறொன்றுமில்லை.

கொட்டாஞ்சேனையில் ஏறுகிற பெண்கள்
என் பக்கத்து இடம் கிடக்க, நிற்பார்கள்.
அதில் ஒரு ஆண் வந்து இருப்பான்,
முழங்காலால் நெருக்கிக்கொண்டு.

போன வருஷம் ஒரு கோயிலில்
காப்புக் கட்டப் போனேன்.
பெண்கள் வரிசையிலிருந்து ஆண்கள் வரிசைக்கும்
ஆண்கள் வரிசையிலிருந்து வாசலுக்கும்
அனுப்பினார்கள்.
பாதி உடம்பு கேட்டவள் பிடித்த நோன்பு அது.
நானும் அதைத்தான் கேட்டேன்,
எனக்கு முழுசாக.

மருதானையில் பொலிஸ் ஏறினால்
ஐசியில் இருக்கும் கேதாரநாதன்
எனக்கு முதல் எழும்பி நிற்பான்.
இரண்டு பிழை: ஆளும், தமிழும்.
எதற்கு முதலில் ஏசுவது என்று
அவருக்கே குழப்பம்.

தும்முல்லையில் கொஞ்சம் மூச்சு.
அங்கே ஒருநாள், குளிரூட்டிய மண்டபத்தில்
வட்டமாய் இருந்து கேட்டார்கள்,
"உங்களை எப்படி அழைப்பது?"
சொன்னேன். எழுதிக்கொண்டார்கள்.
கேட்டுக்கு வெளியே நின்ற ஓட்டோக்காரன்
மீட்டரைப் போடாமல்
என் விலையைக் கேட்டான்.

பம்பலப்பிட்டி வருமுன்
துப்பட்டாவைச் சுருட்டிப் பைக்குள் வைக்கிறேன்.
உள்ளே சட்டை.
இனி வெள்ளவத்தை. எங்கட ஆக்கள்.
லிப்ட் மூன்றாம் மாடிக்கு வருவதற்குள்
ஊர், ஒழுங்கை, தகப்பன் பெயர்
எல்லாம் கேட்டு முடித்துவிடுவார்கள்.
அம்மாவுக்கு அங்கே ஒரு மகன் உண்டு,
கப்பலில் வேலை, லீவு குறைவு.

கடைசியாய்ப் பொட்டை உரித்து
முன் சீட்டின் முதுகில் ஒட்டினேன்.
அங்கே ஏற்கெனவே இரண்டு இருந்தன.
ஒன்று பழசு, நிறம் போனது.

கதவைத் திறந்த அம்மா
முகத்தைப் பார்க்கவில்லை,
நெற்றியைப் பார்த்தாள். பசைத் தடம்.
"எண்பத்திமூண்டில நானும்
இந்த றோட்டிலதான் அழிச்சனான்,
சீலைத் தலைப்பால. தோல் உரிஞ்சு போச்சு"
என்றாள், வேறு யாருக்கோ சொல்வதுபோல.
பிறகு குசினிக்குள் போய்
நல்லெண்ணெய்ப் போத்தலோடு வந்தாள்.
"தண்ணியால போகாது. இதால துடை.
கெதியா.
மாமா ஆக்கள் வருகினம்."