மூன்று கிலோ நாற்பது

இருபத்திரண்டு வருடமாக எனக்கு ஒரே வேலை.
ட்வெரோய்ரி மீன் ஆலையில்
பெல்ட்டில் வரும் காட் மீனை நிறுத்து
எண்ணைச் சொல்வது.
தராசில் என் கட்டைவிரல் பட்டதில்லை.
படகுக்காரர்கள் முதலாளியை நம்பமாட்டார்கள்,
என்னை நம்புவார்கள்.

சாயங்காலம் வீட்டில் இன்னொரு தராசு.
பக்கத்து வீட்டுத் துரி தன் குழந்தைக்கு வாங்கியது;
குழந்தை இப்போது டென்மார்க்கில் வெல்டிங் படிக்கிறான்.
அதன்மேல் ஒரு துண்டு. துண்டின்மேல்
ஸ்குக்கி.
எங்கள் மொழியில் நிழல்.
கறுப்பாக இருந்ததால் வைத்த பெயர்,
வேறெதையும் யோசித்து வைக்கவில்லை.

பூனைக்குப் பதினேழு வயது.
சிறுநீரகம் இரண்டும் முக்கால்வாசி வேலையை விட்டுவிட்டன.
உப்புத் தின்றவன் தண்ணீர் குடிப்பான் என்பார்கள்,
இது உப்பே தின்னாமல் குடிக்கிறது.
கிண்ணத்தில், குளியல் தொட்டியில்,
சாமந்திச் சாடியின் அடித்தட்டில்.
எவ்வளவு என்று எழுதி வைக்கச் சொன்னார் டாக்டர் ஹோக்னி.
எழுதினேன்.
குடித்த மில்லி, நனைந்த மணலின் கட்டிகள்,
தூங்கும்போது நிமிடத்துக்கு எத்தனை மூச்சு.
(இருபத்திநான்கு. ஒருநாள் முப்பத்தொன்று,
அன்றிரவு நான் உட்கார்ந்தே இருந்தேன்.
காலையில் மத்தித் தலைக்குச் சண்டை போட்டது.)

இரண்டு நாளுக்கு ஒருமுறை
உப்புநீர்ப் பையை வெந்நீரில் மிதக்கவிட்டு,
கோட்டு மாட்டும் ஆணியில் தொங்கவிட்டு,
தோளுக்கிடையில் தோலைக் கூடாரம்போல் தூக்கி
ஊசியை நுழைக்க வேண்டும்.
முதல் தடவை அந்தப் பக்கம் வந்துவிட்டது ஊசி,
நூறு மில்லியும் என் மடியில்.
ஸ்குக்கி திரும்பிப் பார்த்தது,
புது ஆளை வேலைக்கு எடுத்த மேஸ்திரி மாதிரி.

ஞாயிற்றுக்கிழமை எடை.

ஜனவரியில் ஒரு ஞாயிறு
மூன்று நாற்பது இருக்க வேண்டிய இடத்தில்
மூன்று முப்பத்தெட்டு.
இருபது கிராம். ஒரு மீன் செதிலில் போகும் வித்தியாசம்.
நாற்பது என்றே எழுதினேன்.
அடுத்த வாரம் அந்த நாற்பதுக்குப் பொருத்தமாக இன்னொன்று.
பொய்க்கும் ஒரு வளைகோடு உண்டு,
அழகாக வரைய வந்தது எனக்கு.

பிப்ரவரி முழுக்கப் புயல்.
டோர்ஷாவ்னிலிருந்து கப்பல் வந்தால் வந்தது.
ஹோக்னி தொலைபேசியில் கேட்டார்,
நான் நோட்டைப் பார்த்து வாசித்தேன்,
அவர் அந்த எண்ணால் பெருக்கி
ரத்த அழுத்த மாத்திரை சொன்னார்.

மார்ச்சில் வந்தார், காலணியில் கப்பல் தளத்து உப்போடு.
வாலில் சுற்றினார், குழந்தை வளையல் அளவு ஒரு பட்டையை.
காற்றடித்தார். மறுபடி அடித்தார்.
"தாழ்வாக இருக்கிறதே. தள்ளாடுகிறதா?"
சோபாவிலிருந்து குதிக்கும்போது, என்றேன்,
வயசாகிவிட்டதல்லவா.
தன் தராசை விரித்தார்.
மூன்று கிலோ எழுபது கிராம்.
என் நோட்டில் மூன்று முந்நூற்று அறுபது.

தராசைத் தட்டிப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார்.
கோபப்பட்டிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.
"மாத்திரையைப் பாதியாக்குங்கள்" என்று மட்டும் சொல்லி,
காபியை நின்றபடி குடித்து,
நான்கரைக் கப்பலுக்குப் போனார்.

அன்றிரவு சிவப்புப் பேனாவோடு உட்கார்ந்தேன்.
பழைய எடைகள் எனக்கு நினைவிருந்தன;
நிறுத்ததை மறக்கிற கை இல்லை என்னுடையது.
ஒவ்வொரு ஞாயிறாக அடித்து, பக்கத்தில் எழுதினேன்.
ஒன்பது ஞாயிறு.
நடுவில் ஸ்குக்கி வந்து நோட்டின்மேல் படுத்துக்கொண்டது.
நகர்த்தவில்லை. எட்டோடு நிறுத்தி,
ஒன்பதாவதைக் காலையில் எழுதினேன்.

இப்போது மே. தள்ளாடுவதில்லை.
ஜன்னல் விளிம்புக்கு ஏறுகிறது, ஒரு நாற்காலி போட்டால்.
இன்று தராசில் வைத்தேன்:
மூன்று கிலோ நாற்பது, மூன்று கிலோ ஐம்பது,
மறுபடி நாற்பது.
மீன் இப்படிச் செய்ததில்லை எனக்கு,
எண் நிலைக்குமுன்
இறங்கிப் போனதில்லை எதுவும்.