உறையின் உள்பக்கம்

எங்கள் ஊர்ப் பெயருக்குப் படகு என்று பொருள்.
ஆறுகளையோ
தெருவுக்கு அடியில் குழாய்க்குள் அடைத்துவிட்டார்கள்.
வூச் நகரத்தில், மூடிய பஞ்சாலையின் கொதிகலன் அறை
இப்போது சைக்கிள் பட்டறை.
வியாழன்தோறும் ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு
ஆறேழு பேர் கூடுகிறோம்.

விதி ஒன்றுதான்.
ஆளுக்கொரு அச்சடித்த பொருள்.
மேசைமேல் வை. வாயை மூடு.
முட்டை வேகவைக்கும் கோழிக் கடிகாரம்
கிணுகிணுக்கும் வரை
எல்லோரும் பார்க்கட்டும்.

பட்டறைக்காரன் தோப்ரோமிர் வைத்தது
ஆரஞ்சுப் பழம் சுற்றி வந்த மெல்லிய தாள்.
ஒரு கழுதை, பின்னால் சூரியன்.
சிவப்பு ஒரு மயிரிழை விலகி விழுந்ததில்
கழுதைக்கு இரண்டு நிழல்.
அச்சுப் பிசகு என்றான் ஒருவன்.
பிசகில்லை, நடக்கிறது என்றாள் ஹால்ஷ்கா.
அரைமணி நேரம் அந்தக் கழுதையோடே போயிற்று.

ஹால்ஷ்கா வைத்தது ஒரு விலைச்சீட்டு,
என்றோ இடித்துவிட்ட அங்காடியுடையது.
ஏழின் இடுப்பில் குறுக்கே ஒரு கோடு,
ஒட்டியாணம்போல.
இந்த ஏழை வரைந்தவருக்கு
ஆடத் தெரிந்திருக்கும் என்றாள்.

நான்
மருந்துப் பெட்டிக்குள் எட்டாய் மடிந்து கிடக்கும் தாளுக்கு
எழுத்து அடுக்குகிறவள்.
யாரும் படிப்பதில்லை,
படிப்பவர்கள் பயந்துகொண்டே படிக்கிறார்கள்.
எங்கள் மொழியில் வால் வைத்த எழுத்து ஒன்று உண்டு.
அந்த வாலை இம்மியளவு நீட்டியிருந்தேன்.
மேலாளர் கவனிக்கவில்லை.
இவர்கள் கவனித்தார்கள்.
அன்றிரவு டிராமில்
இருக்கை காலியாய் இருந்தும் நின்றுகொண்டே போனேன்.

வியெஸ்வாவா
பஞ்சர் ஒட்ட வந்தவள்.
ஒட்டிய பிறகும் போகவில்லை.
மறு வியாழன் ஒரு செருப்புப் பெட்டியோடு வந்தாள்.
உள்ளே தபால் உறைகள்,
ஓரம் கிழித்து, உள்பக்கம் வெளியே தெரிய
விரித்து அடுக்கியவை.
நீல அலை. சாம்பல் இலை.
மீன்செதில் மேல் மீன்செதில்.
ஊன்றிப் பார்த்தால் மட்டும்
எறும்பு வரிசையாய் நகரும் பொடி எழுத்து.

விதி மறந்து கத்திவிட்டோம்.
அந்த நீலத்தைப் பாரேன்!
எங்கே கிடைத்தன இத்தனை?

தபாலில் வரும், என்றாள்.

சிரித்தோம்.
ஹால்ஷ்காதான் ஒன்றைத் திருப்பிப் பார்த்தாள்.
அனுப்புநர்: கடன் வசூல் அலுவலகம்.
அடுத்தது நீதிமன்றம்.
அடுத்தது மின்சாரம், மூன்றாம் அறிவிப்பு.
அந்த நேரம் பார்த்துத்தானா
கோழி கிணுகிணுக்க வேண்டும்.

"வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து
யாரும் உள்ளே படித்துவிடக் கூடாதாம்,
அதற்குத்தான் இந்தப் பூவேலை,"
என்றாள் வியெஸ்வாவா.
"என் மானத்தை மறைக்க
முகம் தெரியாத யாரோ உட்கார்ந்து
கோடு கோடாக இழுத்திருக்கிறார்கள்.
எறிய மனம் வரவில்லை."

பிரமாதம் என்று சொல்ல வந்த வாயை
எங்கே கொண்டுபோய் வைப்பது?
சுவரில் தொங்கிய சங்கிலிகளைப் பார்த்தோம்.
தோப்ரோமிர் தொண்டையைச் செருமி,
பூதக்கண்ணாடியைத் துடைத்து, குனிந்து,
நெடுநேரம் கழித்துச் சொன்னான்:
"இந்தச் செதில் கையால் வரைந்தது.
கணினி இப்படித் தடுமாறாது."
"எங்கே?"
"மூன்றாவது வரிசை. இதோ, நடுங்கியிருக்கிறது."
கண்ணாடியைப் பிடுங்கிக்கொண்டாள்.
அவள் மூச்சுப்பட்டு அது மங்கியது,
துடைத்தாள், மறுபடி பார்த்தாள்.

மறு வியாழன்
யாரும் பேசிவைத்துக்கொள்ளவில்லை.
ஆளுக்கொரு உறை.
என்னுடையது வங்கியிலிருந்து வந்தது.
ஆறு வாரமாகச் சமையலறை இழுப்பறையில்
கரண்டிகளுக்கு அடியில் பிரிக்காமல் கிடந்ததை
அன்று காலைதான்
உள்பக்கம் பார்க்கவென்றே கிழித்தேன்.
பழுப்புக் கட்டங்கள்.

வியெஸ்வாவா இப்படியும் அப்படியும் திருப்பினாள்.
சுமார்தான், என்றாள்.
இரண்டாம் அறிவிப்புக்கு
நல்லதாய்ப் போடுவார்கள், பார்.