மோட்டார் சுருதி

காக்ஸ் டவுன் கார் ஷெட்டுக்கு
மாதம் மூவாயிரம். கார் இல்லை.
சுவரெல்லாம் முட்டை அட்டை.
ஜெரால்டின் டிரம் மேல்
அவன் அக்காவின் சீதனக் கம்பளி.

சுவருக்கு அந்தப் பக்கம் போர்வெல் மோட்டார்.
ஆறு வீட்டுத் தண்ணீர், நிறுத்த முடியாதென்றார்
ஓனர் நஞ்சுண்டப்பா,
கன்னடத்தில் ஒருமுறை,
சந்தேகம் வேண்டாமென்று தமிழில் ஒருமுறை.

மைக்கை எங்கே திருப்பினாலும் உள்ளே வந்தது.
பதினோராம் நாள் யூனிஸ் சொன்னாள்:
‘அது நமக்காக இறங்கி வராது.
நாம இறங்குவோம்.’
கிடாரின் ஆறு கம்பி, என் பேஸின் நாலு,
எல்லாவற்றையும் தளர்த்தினோம்.
ஸ்வரத்துக்கும் ஸ்வரத்துக்கும் நடுவே
பெயரில்லாத ஓரிடத்தில்
போய் உட்கார்ந்தன ஒன்பது பாட்டும்.

முந்நூறு சிடி. விற்றது நாற்பத்தொன்று,
அதில் ஏழு ஜெரால்டின் அத்தை.
மீதி என் கட்டிலுக்கடியில்.
இரண்டு மட்டும் மாடியில்
புறா விரட்டின.

போன சனிக்கிழமை இந்திரா நகரில்
இருபது வயசுக்காரர்கள் நாலு பேர்
எங்கள் ஐந்தாவது பாட்டை எடுத்தார்கள்.
அதற்கு முன் வெகுநேரம்
காதைச் சாய்த்துச் சாய்த்துக் கம்பி தளர்த்தினார்கள்.
‘இது அவங்க கண்டுபிடிச்ச சுருதி,’ என்றாள் ஒருத்தி,
மைக்கில், பக்தியோடு.
அடியில் ஓர் ‘ஊம்’ கூட வைத்திருந்தார்கள்,
கம்ப்யூட்டரில் செய்தது.

போர்வெல் வற்றிப் பல வருடம்.
மோட்டாரை நஞ்சுண்டப்பா
காயலான் கடையில் எடைக்குப் போட்டாயிற்று.

யூனிஸுக்குப் போன் போட்டேன்.
ஓசூரில் தோசை சுட்டுக்கொண்டிருந்தாள்.
ஒன்றும் சொல்லாமல்
போனை ஸ்பீக்கர் பக்கம் நீட்டினேன்.

கொஞ்சம் கேட்டுவிட்டுச் சொன்னாள்:
‘தண்ணி ஏறுது.’