ஏழு பவுண்டு

தபால் ஆபீஸ் தராசில் ஏழு பவுண்டு.
லுவீனியா இருமுறை நிறுத்துப் பார்த்தாள்.
வெள்ளைக்காரர் சட்டைகளுக்கு அவள் பெட்டி போடும் இரும்பு,
பிடியில் பழந்துணி சுற்றியது.
"யாருக்கு அனுப்பப் போகிறாய் இதை?" என்றான் குமாஸ்தா.
"யாருக்கும் இல்லை ஐயா, தெரிந்துகொள்ளத்தான்."

மிசிசிப்பியில் பருத்தி வெடித்த மாதம்.
ஹார்கிரேவ் துரையின் களத்தில்
மரச்சட்டத்தில் தொங்கும் தராசு
பொய் சொல்லும் என்பது எங்கள் எல்லோருக்கும் தெரியும்,
எவ்வளவு பொய் என்பதுதான் தெரியாது.

வரிசையில் அவளுக்குப் பின்னால் நான்.
பத்தொன்பது வயது,
நகக்கண்ணெல்லாம் நெற்று கிழித்த கீறல்.
அவள் சாக்கை மாட்டவில்லை.
பாவாடை மடிப்பிலிருந்து இரும்பை எடுத்துக்
கொக்கியில் தொங்கவிட்டாள்.

முள் ஆடியது. நின்றது.
ஐந்து.

ஒரு கோவேறு கழுதை மட்டும் மூச்செறிந்தது.
பிறகு வரிசையின் கடைசியிலிருந்து ஓசெல்
வாய்விட்டுக் கணக்குப் போட ஆரம்பித்தான்:
ஏழுக்கு ஐந்து. எழுபதுக்கு ஐம்பது.
அவன் அப்பன் பறித்தது. செத்துப்போன தம்பி பறித்தது.
ஒவ்வொரு வாயாகத் தாவியது கணக்கு.
என் வாய்க்கு வந்து
அங்கே நின்றுவிட்டது.
நான் என் சாக்கையே பார்த்துக்கொண்டிருந்தேன்.
அதில் ஒரு முழுப் பகல் இருந்தது,
துரை தராசில் முக்கால் பகல்கூட இல்லை.

அன்று ராத்திரி லாந்தர்கள் வந்தன.
குதிரை மேல் வந்தவர்களில் அந்தக் குமாஸ்தாவும்.
முகத்தை மூடியிருந்தான், அவன் பூட்ஸை எனக்குத் தெரியும்.
ஓசெலை ஆற்றில் கண்டெடுத்தோம்.
லுவீனியாவைக் கண்டெடுக்கவே இல்லை.
சிகாகோவில் இருக்கிறாள் என்பார்கள் சிலர்.
எந்தத் தெரு என்று நான் கேட்டதில்லை.

அவள் வீடு இருந்த இடத்தில்
மூன்று நாள் சாம்பல் ஆறவில்லை.
நாலாம் நாள் இருட்டில் போய்க் கிளறினேன்.
பிடித்துணி போய்விட்டிருந்தது.
இரும்புக்கு ஒன்றும் ஆகவில்லை,
அடுப்பில் உட்கார்ந்தே பழகிய பொருள் அது.

நாற்பத்தைந்து வருஷம்
என் கதவுக்கு முட்டுக்கொடுத்தது.
யாராவது கேட்டால்
காற்று அதிகம் இந்தப் பக்கம் என்பேன்.

நேற்று கோர்ட் வாசலில்,
ஓட்டுக்குப் பெயர் பதியும் வரிசையில்,
வெயில் ஏறிக்கொண்டிருந்தது.
பையைக் கைமாற்றிக் கைமாற்றிப் பிடித்திருந்தேன்.
ஷெரீப்பின் ஆள் ஒருவன், என் பேரன் வயது இருக்கும்,
தடியால் பையைத் தட்டினான்.
ணங்கென்றது.

"என்ன கிழவா உள்ளே?"

"ஏழு பவுண்டு."

"என்னது?"

இந்த முறை சத்தமாகச் சொன்னேன்,
எனக்குப் பின்னால் நிற்கிறவர்களுக்கும் கேட்கட்டும் என்று.