கட்டைவிரல் அகல இடம்

சுவான்சீயில் அதிசயமாய் மழை விட்டிருந்த
வெள்ளிக்கிழமை சாயங்காலம்
கடைப்பெண் இயோலோவின் பாதத்தை
இரும்புத் தட்டில் நிறுத்தி
சறுக்குக் கட்டையை நகம் வரை தள்ளினாள்.
"பதினொன்றரை" என்றாள்,
என் பேரில் இருக்கும் கடனுக்கு
வட்டி சொல்வது போல.

ஜூன் மாதம் பத்தரை.
நடுவில் போனது ஒரே ஒரு கோடை விடுமுறை.

மேல் தட்டில் நாற்பத்தெட்டு பவுண்ட்.
குதிகாலில் விளக்கு.
நடந்தால் பச்சை, குதித்தால் சிவப்பு.
நடுத்தட்டில் இருபத்தாறு. வெறும் நீலம், ஒட்டுப்பட்டை.
பாலும் ரொட்டியும் வாங்கும் இடத்தில்
பதினொன்றுக்கே கிடைக்கும்,
வளைத்தால் முனகுகிற அடிப்பாகத்தோடு.
போன வருஷம் அதைத்தான் வாங்கினேன்.
ஸ்கூட்டரை நிறுத்த
வலது காலைத் தரையில் தேய்ப்பான்.
மூன்றாவது வாரம்
சாக்ஸ் வெளியே எட்டிப் பார்த்தது.

ஆஸ்பத்திரிச் சலவைக்கூடத்தில்
ஒரு மணி நேரம் போர்வை மடித்தால்
பன்னிரண்டு பவுண்ட் சொச்சம்.
விளக்கு வேண்டுமென்றால்
நாலு மணி நேரப் போர்வைகள்,
ரத்தக்கறை உட்பட.
நீலமென்றால் இரண்டு மணி நேரம்,
அப்புறம் ஒரு தேநீர் இடைவேளை.
வாரங்களால் வகுத்தேன்.
பள்ளிக்கூட நாட்களால் வகுத்தேன்.
கால் இரண்டு என்பதால் இன்னும் ஒருமுறை வகுத்தேன்.
எப்படி வகுத்தாலும் மீதி வருகிறது.

ஷூ சாகும் முன்னே கால் அதை விட்டுப் போய்விடும்.
இல்லையென்றால் கால் வளரும் முன்னே
ஷூ செத்துப்போகும்.
இரண்டும் ஒரே நாளில் முடிகிற ஜோடியை
இதுவரை யாரும் தைக்கவில்லை.

விரலுக்குத் தகுந்த வீக்கம் வேண்டும், சரி.
இங்கே வீங்குவது அவன் விரல்,
தகுந்திருக்க வேண்டியது என் பர்ஸ்.

"விளக்கு எரியாதா?" என்று கேட்டான் நீலத்தைப் பார்த்து.
"பகலில் எதுக்குடா விளக்கு?"
அவன் வாதாடவில்லை.
வாதாடியிருந்தால் வாங்கிக் கொடுத்திருப்பேனோ என்னவோ.
கடைப்பெண் மண்டியிட்டு
நுனியில் கட்டைவிரலை அழுத்திக் காட்டினாள்.
இவ்வளவு இடம் இருக்கிறது, வளரலாம்.
இருபத்தாறு பவுண்டில்
நான் வாங்கியது முக்கியமாக அந்த இடத்தைத்தான்,
காலியான, ஒரு கட்டைவிரல் அகலம்.

கெத்தின் கதை வேறு.
நாங்கள் பிரிந்த பிறகு
சனி ஞாயிறு பிள்ளைகள் அவனிடம்.
அவன் வீட்டு வாசலறையில்
எழுபது பவுண்ட் ஜோடி ஒன்று குடியிருந்தது.
பால் வெள்ளை.
இயோலோ போய்ச் சேர்ந்ததும் பெட்டியிலிருந்து வெளியே வரும்,
ஞாயிறு மாலை ஈரத்துணியால் துடைத்து
மெல்லிய காகிதத்தில் திரும்பப் படுக்கும்.
என் வீட்டுக்கு வந்ததே இல்லை.
என் வீட்டில் சேறு இருக்கிறதாம்.

இந்த ஞாயிறு பெட்டியோடு வந்தான்.
"நுழையவே மாட்டேங்குது, நெரிஸ்.
மொத்தம் பதினோரு தடவை போட்டிருப்பான்."
நாக்கு நுனியில் என்னென்னவோ வந்தது.
எண்ணி வைத்திருக்கிறானே என்று விழுங்கிக்கொண்டேன்.
டயர் கிடங்கில் ஓவர்டைம் பார்த்து வாங்கியது.
நான் வகுத்துப் பார்த்தேன்,
அவன் எடுத்து வைத்துப் பார்த்தான்,
இரண்டு பேருக்கும் விடை தப்பு.

"பெட்சனுக்கு ஆகும்" என்றான்,
"அடுத்த வருஷம். பத்திரமாக வை."

செருப்புக்காகக் காலைத் தறிக்கலாம் என்று
யாரோ சொல்லி வைத்தது போல
பெட்சன் அதற்குள் இரண்டையும் மாட்டியிருந்தாள்,
இடமும் வலமும் மாற்றி.
ஒன்பதாம் அளவுக் கால், பத்தரை அளவுப் படகு.
தடக் தடக்கென்று எங்கள் நடுவே புகுந்து
குப்பைத்தொட்டி ஓரம்
நேற்றைய மழை தேங்கிய பள்ளத்தை நோக்கிப் போனாள்.

கெத்தின் வாயைத் திறந்தான்.
நானும்.

வாசலில் நீல ஷூவோடு நின்ற இயோலோ
"குதி" என்றான் தங்கையிடம்.

எழுபது பவுண்ட்
அன்றைக்குத்தான் முதல்முறையாக நனைந்தது.