முப்பத்தாறு அங்குலம்

ஹேண்டில்பாரை நேற்றே டேப் வைத்து அளந்திருந்தேன்.
கண்ணாடிகளோடு சேர்த்து முப்பத்தாறு அங்குலம்.
அளக்காமல் எதையும் நம்பாத வேலை எனக்கு.
ராணிப்பேட்டை கம்பெனியில் ஷூவுக்கு மேல்தோல் வெட்டுகிறேன்.
ஒரு மில்லிமீட்டர் பிசகினால்
சூப்பர்வைசர் முறைப்பார்,
அடுத்த தோலை எடுத்துப் போடுவேன்.

லைசென்ஸ் கைக்கு வந்து பதினோரு நாள்.
கிரீன் சர்க்கிளில் மாலை ஆறே கால்.
இடப்பக்கம் ஆற்காடு பஸ்,
வலப்பக்கம் ஈரத்தோல் ஏற்றிய லாரி.
அந்த நாற்றம் எனக்குப் பழக்கம், அந்த உயரம் புதுசு.
நடுவே ஒரு சந்து.
நாலடி இருக்கும். கணக்குக்கு ஓரடி மிச்சம்.
சந்து முடிகிற இடத்தில் சிக்னல்,
அதைத் தாண்டி ட்யூஷன் வாசலில் ஜெனிட்டா.

பின்னால் விடாமல் ஹாரன்.
"யக்கா, போறதுன்னா போ, இல்ல வழிய வுடு."
கண்ணாடி இரண்டையும் உள்பக்கம் மடக்கி வைத்திருந்தான்.
அதில் அவனுக்குத் தெரிந்திருக்கக்கூடியது
அவன் மீசை மட்டும்.

கோபத்தில் முறுக்கினேன்.
கிளட்சைச் சட்டென்று விட்டேன்.
வண்டி ஒரு குலுக்குக் குலுக்கி அணைந்தது.
அவன் சிரித்தபடி என்னைச் சுற்றிக்கொண்டு நுழைந்தான்.

நியூட்ரலைத் தேடிக் குனிந்தபோதுதான் பார்த்தேன்:
நின்றிருந்த பஸ்ஸின் முன்சக்கரம்
வலப்பக்கம் திரும்பியிருந்தது.
தோல் மேசைமேல் அசையாமல் கிடக்கும்.
பஸ் அப்படியில்லை.

"தம்பி" என்றேன்.
ஹெல்மெட்டுக்குள்ளேயே சுற்றியது அந்தச் சத்தம்.

பஸ் ஒரு சாண்தான் நகர்ந்தது.
ஜன்னல் கைகளெல்லாம் தகரத்தைத் தட்டின.
ஏ நிறுத்து, நிறுத்து, நிறுத்து.
நின்றது.
பஸ்ஸுக்கும் லாரிக்கும் நடுவே
நுனிக்காலில் நின்றான், மூச்சை இழுத்துப் பிடித்து,
சட்டைக்கு அளவு கொடுப்பவன் மாதிரி.

வெளியே இழுத்தார்கள்.
முழங்கையில் ஐந்து ரூபாய் வட்டத்துக்குத் தோல் இல்லை.
முதலில் செல்போனைத்தான் தடவிப் பார்த்தான்.
யாரோ நீட்டிய தண்ணீரை
குடிக்காமல் கையிலேயே வைத்திருந்தான்.

சிக்னல் விழுந்து, விழுந்து, மறுபடி விழுந்தது.
லாரிக்குப் பின்னாலேயே வந்தேன்,
நாற்றத்தை முழுசாக வாங்கிக்கொண்டு.

"ஏம்மா இவ்ளோ லேட்டு?"
"வண்டி ஆஃப் ஆயிடுச்சுடி."

பொய் இல்லை.
நான் நிறுத்தியதாகச் சொன்னால்தான்
பொய்.